ஆடி மாச மைக்செட்டும் ஜாஸ் பாடிய பெண்களும்

1/
இன்று மருந்து மாத்திரை இல்லை. கொஞ்சம் பாட்டு.

எங்கள் ஊர் கோட்டைக்குப்பம், பழவேற்காடு ஏரிக்கரை. ஆடி மாசம் கூழ் வார்த்தால் மைக்செட்டில் முதலில் கேட்கும் குரல் எல்.ஆர்.ஈஸ்வரியுடையது. எனக்கு அவர் "அம்மன் பாட்டு அம்மா", அவ்வளவுதான்.

2/
போன மாசம் வீட்டுக்கு ஒரு நல்ல ஸ்பீக்கர் செட் வாங்கினேன். நைட் டூட்டி முடித்து வந்த களைப்பில், துள்ளலாக ஏதாவது கேட்போம் என்று எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு போட்டேன்.

1960-ல் பெர்லின் மேடையில் பாதிப் பாட்டில் வரி மறந்துபோய், அந்த நொடியில் தானே வரி கட்டிப் பாடினார். அந்தப் பதிவுக்கு கிராமி விருதே கிடைத்தது.

3/
மீன் ஆய்ந்துகொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, "இது நம்ம ஈஸ்வரி பாட்டு மாதிரியே இருக்கேடா" என்றார்.

சிரித்தேன். அப்புறம் தேடினேன். சிரித்தது தப்பு.

4/
1964, 'கலைக்கோவில்'. ஸ்ரீதர் இயக்கம், விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசை. வீணைக் கலைஞனின் கதை. சிட்டிபாபுவின் வீணை ஒலிக்கும் அதே படத்தில் ஈஸ்வரி பாடிய ஒரு கிளப் பாட்டு அசல் ஜாஸ். 1973-ல் 'கௌரவம்' படத்திலும் எம்.எஸ்.வி. அவரை அப்படிப் பாடவைத்தார்.

5/
ஈஸ்வரி 1939-ல் பிறந்தவர். அம்மா கோரஸ் பாடகி. இவரும் 'மனோகரா'வில் (1954) கோரஸில்தான் தொடங்கினார். 1958-ல் 'நல்ல இடத்து சம்பந்தம்' படத்தில் கே.வி.மகாதேவன் தனிப்பாட்டு தந்தார். 1961 'பாசமலர்' கல்யாணப் பாட்டு வீடு வீடாகக் கொண்டுபோனது.

ஆனாலும் பிறகு நாயகிக்கு ஒரு குரல், கிளப் டான்ஸுக்கு ஒரு குரல் என்று சினிமா பிரித்து வைத்தது. இவருக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

6/
இன்னொருவர் உஷா உதூப். 1969-ல் மவுண்ட் ரோடு சஃபயர் தியேட்டர் வளாகத்தில் இருந்த 'நைன் ஜெம்ஸ்' கிளப்பில் பட்டுப்புடவை, பெரிய பொட்டோடு ஆங்கிலப் பாட்டு பாடத் தொடங்கினார். பிறகு கல்கத்தா போய் 'டிரிங்காஸ்' மேடையில் பாடினார்.

1980-களில் மேற்கு வங்க அமைச்சர் ஜதின் சக்கரவர்த்தி, இவர் பாட்டு பண்பாட்டைக் கெடுக்கிறது என்று அரசு அரங்குகளை மறுத்தார். உஷா கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தார். 2024-ல் பத்ம பூஷண்.

7/
இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"நானும் நல்லா பாடுவேன்டா. டீக்கடை ரேடியோல சிலோன் ஸ்டேஷன் கேட்டே கத்துக்கிட்டேன். 'கிளப்பு பாட்டு பாடுற பொண்ணை எவன் கட்டுவான்'னு எங்கப்பா வாயை அடைச்சுட்டாரு. அதே குரல் ஆடி மாசம் மாரியாத்தாவைப் பாடுனா மட்டும் கன்னத்துல போட்டுக்குவாரு."

முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்த மகனுக்கு அம்மா பாடுவார் என்பதே தெரியாது. நோயாளியிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற நான், இதைக் கேட்டதே இல்லை.

8/
கேட்க விரும்புவோருக்கு:
▪️ அந்தக் காலப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ. சரவுண்ட் எஃபெக்ட்டை அணைத்துவிடுங்கள்.
▪️ ஸ்பீக்கர் உட்காரும்போது காது உயரத்தில் இருக்கட்டும்.
▪️ பேஸை ரொம்ப ஏற்றாதீர்கள். குரல் அமுங்கிவிடும்.
▪️ முதலில் பாடகியை விட்டுவிட்டு, அடியில் நடக்கும் டபுள் பேஸை மட்டும் கவனியுங்கள். அது நடக்கிற நடையில்தான் துள்ளல் இருக்கிறது. அப்புறம் அந்தக் குரல் தாளத்துக்குக் கொஞ்சம் முன்னும் பின்னும் போய் விளையாடுவது புரியும்.

9/
நேற்று ராத்திரி 'கலைக்கோவில்' பாட்டைப் போட்டேன். அம்மா அடுப்படியில் இருந்தபடியே கூடப் பாடினார். ஒரு சுரம்கூட விலகவில்லை. நான் வால்யூமைக் குறைத்துவிட்டேன்.

உங்கள் அம்மாவையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.