மோட்டார் எஞ்சின் பூட்டிய சிறு விமானங்கள்

தம் கொட்டகையிலேயே மரத்தையும் துணியையும் கொண்டு ஓரிருவர் ஏறக்கூடிய விமானத்தைக் கட்டிக்கொள்ளும் ஆர்வலர்கள், விலைமிகுந்த விமான எஞ்சினை நாடாமல், தெருவில் ஓடும் மோட்டார் வண்டியின் எஞ்சினையே சிற்சில மாறுதல்களோடு அதில் பூட்டிப் பறக்கும் வழக்கம் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டாக நிலவி வருகிறது. ஆரம்பத்தில் இவ்விரு யந்திரங்களுக்குமிடையே பெரிய பேதம் இருக்கவில்லை. 1909 ஜூலை 25இல் பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைக் கடந்தது, மோட்டார் சைக்கிள் எஞ்சின்கள் செய்துவந்த அன்ஸானி என்பவர் அளித்த 25 குதிரைசக்தி எஞ்சினைக் கொண்டே.

பின்னர் இவை பிரிந்ததற்கு விசிறியின் இயல்பே முக்கிய காரணம். ஆறடி விட்டமுள்ள விசிறி நிமிஷத்துக்கு 5,000 தரம் சுழலுமாயின், அதன் நுனி ஒலியின் வேகத்தை மிஞ்சிவிடும். இரைச்சல் பெருகும், விமானத்தை இழுக்கும் சக்தியோ குன்றும். காரின் எஞ்சின் வேகமாகச் சுழன்றே முழுச் சக்தியையும் தருவது. அதுவும் சாலையில் சில விநாடிகளுக்கே அவ்வாறு தர நேரும், ஆகாயத்திலோ அதில் முக்கால் பங்கை மணிக்கணக்கில் தந்தாகவேண்டும்.

மெதுவாகச் சுழன்றே சக்தி தரும் கார் எஞ்சினாகத் தற்செயலாக வாய்த்தது ஃபோர்டு ‘ஏ’ மாடலுடையது. நான்கு சிலிண்டர்களும் 3.3 லிட்டர் கொள்ளளவும் உடைய அது, 2,200 சுற்றிலேயே 40 குதிரைசக்தி தந்தமையால், இடையே பல்சக்கரம் ஏதுமின்றி விசிறியை அதில் நேராகவே பூட்ட முடிந்தது. அமெரிக்காவின் மினசோட்டா ராஜ்யத்தில், செர்ரி குரோவ் என்னும் சிற்றூரில் வாழ்ந்த பெர்னார்டு பீட்டன்போல், எஞ்சினைப் பின்முன்னாகத் திருப்பி ஃபிளைவீல் இருந்த முனையில் விசிறியை மாட்டி, பாட்டரிக்குப் பதிலாக மாக்னெட்டோ வைத்து, 1929இல் தமது ‘ஏர் கேம்பர்’ விமானத்தைப் பறக்கவிட்டார். விமானியின் கண்ணெதிரே எஞ்சினுக்கு மேல் நிமிர்ந்து நின்ற ரேடியேட்டர் முன்காட்சியை மறைத்தது. அழகென்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். மோட்டார் எஞ்சின் விமானத்துக்கு உதவாதென்று ‘மாடர்ன் மெக்கானிக்ஸ்’ பத்திரிகாசிரியர் வெஸ்டன் ஃபார்மர் அபிப்பிராயம் தெரிவித்திருக்க, பீட்டன்போல் 1930இல் இரண்டு ஏர் கேம்பர்களை அவர் இருந்த ராபின்ஸ்டேலுக்கே பறக்கச் செய்து இறக்கிக் காட்டினார். அதன் வரைபடங்கள் 1932இல் அப்பத்திரிகை நிறுவனத்தாரின் விமானக் கையேட்டிலேயே வெளிவந்தன.

இங்கிலாந்தில் ஸர் ஜான் கார்டன், மின்யே என்பவர் வகுத்த, ‘பறக்கும் தெள்ளுப்பூச்சி’ எனப் பெயர்பெற்ற விமானத்துக்காக 1,172 சி.சி. ஃபோர்டு எஞ்சினை மாற்றியமைத்தார். 1935 டிசம்பரில் அவர் விமான விபத்தொன்றில் மாண்டபோதிலும், அந்த எஞ்சின் சில்ட்டன் போன்ற சிறு விமானங்களில் தொடர்ந்து பயன்பட்டது.

இரண்டாம் உலகயுத்தத்துக்குப் பின்னர் வோக்ஸ்வாகன் எஞ்சின் அவ்விடத்தைப் பிடித்தது. படுக்கைவாட்டில் எதிரெதிரே அமைந்த நான்கு சிலிண்டர்களும், தண்ணீர் வேண்டாத காற்றுக் குளிர்ச்சியும் விமான எஞ்சினுக்கு வேண்டிய லட்சணங்களேயாதலின், காரிலிருந்த குளிர்விசிறியையும் தகட்டுக் கூட்டையும் கழற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தாற்போலத்தான். குறுகிய விசிறியோடு 3,000 சுற்றுக்கு மேலும் அது நேராகவே ஓடியது. அதைத் தழுவிய ஆர்டெம் எஞ்சின் பூட்டிய டர்புலண்ட் விமானத்தை 1959இல் எடின்பரோக் கோமகன் தாமே தனித்து ஓட்டினார். ஷெவர்லே கார்வேரின் ஆறு சிலிண்டர் எஞ்சினையும், அது வெளிவந்த சில காலத்திலேயே, முதியவரான பீட்டன்போல் தம் விமானத்தில் பூட்டிப் பார்த்தார்.

சுபாரு, மாஸ்டா முதலிய புதிய எஞ்சின்கள் சக்தியில் மிக்கவையாயினும், அவற்றின் வேகத்தைக் குறைக்க விசிறிக்கு முன் பெல்ட்டோ பல்சக்கரமோ இன்றியமையாததாயிற்று. சிலிண்டர்களின் ஒவ்வொரு வெடிப்பிலும் எழும் முறுக்கதிர்ச்சி விசிறியின் கனத்தோடு மோதி, எஞ்சின் பழுதின்றி இருக்கையிலேயே இவ்விடைப்பகுதியை முறித்துவிடுவதுண்டு. மின்சாரத்தையே நம்பிய பற்றவைப்பு வேறு, பாட்டரி ஓய்ந்தால் எஞ்சினையும் ஓயச் செய்யும் என்பதால், விவேகமுள்ளவர்கள் இரண்டு பாட்டரிகள் வைக்கிறார்கள். அமெரிக்கச் சட்டம் அங்கீகாரம் பெற்ற எஞ்சினும் விசிறியும் உடைய வீட்டு விமானத்துக்குப் பொதுவாக 25 மணி நேரச் சோதனைப் பறத்தலையும், மற்றவற்றுக்கு 40 மணியையும் விதித்து வந்தது.

மெர்சிடிஸ் காரின் டீசல் எஞ்சினை அடிப்படையாகக் கொண்டு ஜெர்மானிய தீலெர்ட் கம்பெனி 2002இல் அரசாங்க அங்கீகாரத்துடன் தொழிற்சாலை விமானங்களுக்கே எஞ்சின் தந்தது; அதிலும் வேகக்குறைப்புக் கியர்பாக்ஸை 300 மணிக்கொரு முறை கழற்றி அனுப்பவேண்டியிருந்தது.