பதினான்காம் நாளும் பதினாறாம் நாளும்: கெடாத் தோட்டங்களில் பிறப்பும் பெயரும்

கடாரம் என்றதும் நம்மவர் நெஞ்சில் முதலில் எழுவன முதலாம் இராசேந்திரனின் கடற்படையெடுப்பும் பூசாங் பள்ளத்தாக்கின் கோயில் அடித்தளங்களுமே. அவற்றைப் பேசப் பலர் உளர். இவ்வுரையில் நாம் அப்பக்கம் செல்லவில்லை. அதே கெடாவில், சுங்கைப் பட்டாணி, பீடோங், கூலிம், பாடாங் செராய் ஆகிய ஊர்களைச் சூழ்ந்த இரப்பர்த் தோட்டங்களின் லயத்து வீடுகளில் ஒரு குழந்தை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு குடும்பத்துள் ஏற்கப்பட்டது, எந்தப் பெயரால் அரசேட்டில் ஏறியது என்பதே நம் பொருள். சம்பளக் கணக்கேடுகள் பேறுகால அறையைப் பற்றி வாய் திறப்பதில்லை. அவ்வறையிலிருந்த பெண்களும் எதையும் எழுதி வைக்கவில்லை. எனினும் சொற்களை விட்டுச் சென்றுள்ளனர். மொழியியலாளர்க்கு அவையும் ஆவணமே.

1909ஆம் ஆண்டுப் பாங்காக் உடன்படிக்கையால் கெடா சயாமின் மேலாதிக்கத்திலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்குள் வந்தது. இரப்பர் விலை ஏறியிருந்த காலம் அது. கங்காணிகள் திரட்டி வந்த கூட்டத்தில் தொடக்கத்தில் ஆண்களே மிகுதி. பெண்கள் குறைவு, பிறப்புகள் அதனினும் குறைவு. 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மலாயா இந்தியருள் இம்மண்ணில் பிறந்தவர் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரே. 1947இலோ ஏறத்தாழச் சரிபாதி. இடையில் 1938இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதைத் தடை செய்தது. பின்னர்ப் போர் வந்தது. புதிதாக வருவோர் நின்றபின் சமூகம் தொட்டிலாலேயே வளர்ந்தது.

தலைப்பிள்ளைப் பேற்றுக்குத் தாய்வீடு செல்வது நம் மரபு. லயத்துப் பெண்ணுக்குத் தாய்வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. எனவே அடுத்த வீட்டாள் ‘சின்னம்மா’ ஆனாள். எதிர் லயத்து மூதாட்டி ‘அப்பாயி’ ஆனாள். வளையல் இட்டதும் வெந்நீர் வைத்ததும் அவர்களே. சாதி வேறுபாடு தோட்டத்தில் மறைந்துவிட்டது என்று சிலர் எழுதுவதை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் பேற்று வலி கண்ட இரவில் அது சற்றே தளர்ந்தது என்பதை நம்பலாம். சயாம் மரண இரயில்பாதைப் பணிக்கு 1942, 1943 ஆகிய ஆண்டுகளில் ஆண்கள் கொண்டுசெல்லப்பட்டபோது, கணவர் திரும்புவாரா என்று அறியாமலே பிள்ளை பெற்றவர்க்கு இவ்வுறவுகளே துணை.

இனிச் சொற்களைப் பார்ப்போம். கருவுற்றவளை ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதும், பிறந்த சிசுவின் நாவில் சருக்கரை நீர் தொட்டு வைப்பதைச் ‘சேனை வைத்தல்’ என்பதும், தாய்க்கு இடித்துக் கொடுக்கும் சுக்கு, மிளகு முதலியவற்றின் கலவையைக் ‘காயம்’ என்பதும் தமிழகத்து ஊர்ப்புறங்களிலிருந்து மாறாமல் வந்தவை. சேனை வைத்தவரின் குணம் பிள்ளைக்கு வரும் என்ற நம்பிக்கையும் கூடவே வந்தது. தோட்டத்தில் யாரை அழைப்பது என்பதில் சிறு பூசல்கள் எழுந்ததுண்டு. இவற்றின் அருகிலேயே இரு மலாய்ச் சொற்கள் வந்து அமர்ந்தன: மருத்துவச்சியைக் குறிக்கும் ‘பிடான்’, பேற்றுக்குப் பிந்திய விலக்குகளைக் குறிக்கும் ‘பந்தாங்’. நம் ‘பத்தியம்’ உணவளவில் நின்றுகொள்ள, குளிப்பு, நடமாட்டம், காற்று ஆகிய அனைத்தையும் ‘பந்தாங்’ எடுத்துக்கொண்டது. இது வெறும் சொற்கடன் அன்று. கம்பத்திலிருந்து வந்த மலாய் மூதாட்டி வயிற்றை நீவிக் கட்டிய கட்டுடன் அச்சொல்லும் லயத்துக்குள் நுழைந்தது என்றே கொள்ள வேண்டும். சேலைத் தொட்டிலின் மேல் கம்பிச்சுருளை மாட்டி மேலும் கீழும் ஆடவிடும் வழக்கமும் இந்நாட்டு வாழ்வில் நாம் கைக்கொண்டதே.

தாயின் ஓய்வு நீளவில்லை. பால்மரம் விடியுமுன் வெட்டப்பட வேண்டும். இருட்டிலேயே குழந்தையைத் துணியில் சுற்றி ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் பெரட்டுக்குச் செல்வாள். குழந்தைக்கு முதலில் பழகிய தாலாட்டு பெரும்பாலும் ஆயாவின் குரலே. அக்குரல்களை எவரும் பதிவு செய்யவில்லை என்பது நமக்குத் தீராத வருத்தம்.

பெயரிடுதலுக்கு வருவோம். தீட்டுக் கழித்துத் தொட்டிலிட்டுப் பெயர் சூட்டும் நாள் குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும். கெடாவில் 16ஆம் நாளும் 30ஆம் நாளும் பெருவழக்கு. ஆனால் 1957ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 14 நாள்களுக்குள் பதிவு கேட்டது. சடங்கு வருமுன் சட்டம் வந்துவிட்டது. பெயர் இன்னும் இல்லாத குழந்தைக்காகத் தகப்பன் கிராணியிடம் நின்றான். தாத்தாவின் பெயரையோ, நாவில் வந்த தெய்வத்தின் பெயரையோ, கிராணி எடுத்துக்கொடுத்த பெயரையோ சொன்னான். அது ‘சூராட்’ எனப்பட்ட பிறப்புப் பத்திரத்தில் ஏறியது. இரண்டு நாள் கழித்துத் தொட்டிலில் வேறு பெயர் மூன்று முறை காதில் ஓதப்பட்டது. ஒருவர்க்கு இரு பெயர் வழங்குவதைப் படிப்பறியாமை என்று சிரிப்பவர் இவ்விரண்டு நாள் இடைவெளியை எண்ணிப் பார்க்கவில்லை.

பத்திரத்தின் எழுத்துக் கூட்டலையும் நாம் பிழைப் பட்டியலாகக் காண்பதில்லை. சின்னசாமி சகரத்துக்குரிய ‘எஸ்’ எழுத்தில் தொடங்கியதும், இலட்சுமி ‘லெட்சுமி’ ஆகவே உரோமன் எழுத்தில் ஏறியதும், எழுத்தன் கேட்ட ஒலியை உள்ளபடி காட்டுகின்றன. அக்காலத் தோட்டப் பேச்சுக்கு இவை சான்று. தமிழகத்தில் முன்னெழுத்தாய்ச் சுருங்கும் தந்தை பெயர், இங்கே ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்ற மலாய்த் தொடர்களுக்குப் பின் முழுமையாக நின்றது.

அப்பத்திரத்தின் எடையை மக்கள் பின்னரே உணர்ந்தனர். 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்நாட்டில் பிறந்ததே குடியுரிமைக்குப் போதுமாயிருந்தது; 1962 அக்டோபருக்குப் பின் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தர வாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. 1982 மார்ச்சு முதல் திருமணப் பதிவும் கட்டாயமானது. மாரியம்மன் கோயிலில் ஊரறியத் தாலி கட்டிப் பதிவு செய்யாதவரின் பிள்ளைக்குத் தந்தையின் குடியுரிமை சேராது. தாய்க்கும் ஆவணம் இல்லையெனில் அப்பிள்ளை எந்நாட்டினனும் அல்லன். லயத்தில் பிறந்து பதிவு தவறியவர், தாம் பிறந்ததை மெய்ப்பிக்க, உடனிருந்த மூதாட்டியைத் தேடி அலைந்தனர். பல வேளை அவர் இறந்திருந்தார்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் மக்கள் நகர் சேர்ந்தபின், பிறப்பு மருத்துவமனைக்கு மாறியது. பதிவுக்கான காலமும் இப்போது 60 நாள்; 16ஆம் நாளும் 30ஆம் நாளும் அதற்குள் அடங்கிவிடுகின்றன. சட்டம் சடங்குக்கு இடம்விட்டபோது லயங்கள் இல்லை.

தோட்டப் பள்ளிகளில் பணியாற்றிய மூத்த ஆசிரியர் பலர்க்கு ஒரு காட்சி பழக்கமானது. முதல் வகுப்பின் முதல் நாள். சூராட்டில் உள்ள பெயரை மும்முறை அழைத்தும் எவரும் எழுவதில்லை. பின்வரிசையிலிருந்து வேறொரு பிள்ளை எழுந்து, பக்கத்தில் இருப்பவனைக் காட்டிச் சொல்வான்: “சார், அது இவன்தான். வீட்டுல இவன் பேரு ராசு.”