தவளை முட்டையிலிருந்து கணையம் வரை

சர்க்கரை வியாதி என்றாலே நமக்கு ஐம்பது தாண்டிய மாமாக்களும், காலை நடையும், ஊறவைத்த வெந்தயமும்தான் ஞாபகத்துக்கு வரும். டைப் 1 அந்த ரகம் இல்லை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. கைக்குழந்தைக்கும் வரும். வெந்தயமெல்லாம் எடுபடாது, ஊசிதான்.

இங்கே புனேயில் எங்கள் குடியிருப்பில் ஏழு வயதுப் பெண் ஒருத்திக்கு இது இருக்கிறது. "அழிஞ்சுபோன செல்லைத் திரும்ப உண்டாக்க முடியாதா?" என்று அவள் அம்மா கேட்டார். இதே கேள்வியோடு முப்பது வருஷம் மல்லுக்கட்டிய ஓர் அப்பா இருக்கிறார்.

அப்போது ஹார்வர்டு பேராசிரியராக இருந்த டக் மெல்டன், தவளை முட்டை எப்படித் தவளையாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தவர். 1991-ல் அவருடைய ஆறு மாத மகன் சாமுக்கு டைப் 1 என்று தெரிந்தது. மனிதர் தவளையை விட்டுவிட்டு, கருவில் கணையம் எப்படி உருவாகிறது என்று ஆராயத் தொடங்கினார். 2001-ல் மகள் எம்மாவுக்கும் அதே நோய். அதே வருஷம் அதிபர் புஷ், புதிய கரு ஸ்டெம் செல் வரிசைகளுக்கு அரசுப் பணம் கிடையாது என்றார். மெல்டன் தனியார் நிதியில் 17 வரிசைகளை உருவாக்கி, 2004-ல் மற்ற ஆய்வாளர்களுக்கும் கொடுத்தார்.

சறுக்கலும் உண்டு. பீட்டாட்ரோஃபின் என்ற ஹார்மோன் எலிகளில் பீட்டா செல்களைப் பெருக்குகிறது என்று 2013-ல் அவர் குழு அறிவித்தது. ஏகப்பட்ட பரபரப்பு. திரும்பச் செய்து பார்த்தபோது அது நிற்கவில்லை. 2016-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது இங்கேதான்.

இதற்கிடையே 2014-ல், கருவில் நடப்பதை அதே வரிசையில் ஆய்வகத்தில் நடத்தி, ஸ்டெம் செல்லிலிருந்து கோடிக்கணக்கான பீட்டா செல்களை வளர்த்துக் காட்டியது அவர் குழு. பிள்ளைகள் பெயரைச் சேர்த்து "செம்மா" என்று ஒரு நிறுவனம் (நம்மூர் "செம" இல்லை!). அதை 2019-ல் வெர்டெக்ஸ் வாங்கியது. 2025-ல் வெளியான ஆய்வில், முழு அளவு செல்கள் பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஒரு வருஷத்தில் இன்சுலின் தேவைப்படவில்லை.

ஆனால் அவர்கள் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தை விடாமல் எடுக்க வேண்டும். குழந்தைக்கு அது பெரிய ஆபத்து. ஆகவே, "ஊசியை நிறுத்துங்கள், வேரோடு குணமாக்குகிறேன்" என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். இத்தனை வருஷமும் மெல்டன் வீட்டுப் பிள்ளைகளைக் காப்பாற்றியதும் அந்த ஊசிதான்.