டெரெல்லா

பூமியின் காந்தப்புலத்தை ஆய்வகத்தில் உருவாக்கிப் பார்க்கப் பயன்பட்ட காந்தக் கோளம். ஆங்கில மருத்துவர் வில்லியம் கில்பர்ட் 1600இல் வெளியிட்ட நூலில் இது காந்தக்கல்லைக் கடைந்து செய்த உருண்டை. அதன்மேல் சிறு ஊசியை நகர்த்தி, பூமியே ஒரு காந்தம் என்று அவர் வாதிட்டார். அதை வெற்றிடக் கலனுக்குள் கொண்டுசென்று, விண்வெளி நிகழ்வுகளை ஆராயும் கருவியாக்கியவர் நார்வே இயற்பியலர் கிறிஸ்டியான் பிர்க்லாண்ட் (1867–1917).

சூரியனிலிருந்து வரும் எதிர்மின்வாய்க் கதிர்களைப் பூமியின் காந்தப்புலம் துருவங்களின் பக்கம் இழுப்பதால்தான் துருவ ஒளி தோன்றுகிறது என்று 1896இல் அவர் கருத்துரைத்தார். அதைச் சோதிக்கப் பித்தளைக் கோளத்துக்குள் மின்காந்தத்தைப் பொருத்தி, கதிர் பட்டால் ஒளிரும் பேரியம் பிளாட்டினோசயனைடை வெளியே பூசினார். கலனிலிருந்து காற்றை வெளியேற்றி மின்னழுத்தம் கொடுத்தால், இரு துருவங்களைச் சுற்றியும் ஒளி வளையம் தெரிந்தது. அவர் அமைத்தவற்றில் மிகப் பெரிய கலன் ஏறத்தாழ 1,000 லிட்டர் கொள்ளும். அதிலிருந்த கோளத்தின் விட்டம் 36 செ.மீ. சாம் ஐடேயுடன் சேர்ந்து 1903இல் கண்டறிந்த, காற்றின் நைட்ரஜனை மின்வில்லால் உரமாக்கும் முறையே இந்தச் செலவுகளுக்குப் பணம் தந்தது.

கோளத்தையே எதிர்மின்வாயாக்கியபோது சூரியப் புள்ளிகளையும் சனியின் வளையத்தையும் ஒத்த தோற்றங்கள் கிடைத்தன. அவற்றையும் விளக்கமாகவே பிர்க்லாண்ட் எடுத்துக்கொண்டது அவசரம்தான். சனியின் வளையம் தனித்தனித் துகள்களால் ஆனது என்று மாக்ஸ்வெல் 1859இலேயே கணக்கிட்டுக் காட்டியிருந்தார். துருவ ஒளி விளக்கத்துக்கும் தடை வந்தது. ஒரே மின்னூட்டம் கொண்ட துகள்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதால் அத்தகைய கற்றை சூரியனிலிருந்து பூமிவரை சிதறாமல் வர முடியாது என்று 1911இல் ஆர்தர் ஷூஸ்டர் சுட்டிக்காட்டினார். உண்மையில் வருவது இருவகை மின்னூட்டமும் கலந்த பிளாஸ்மா. ஆனால், காந்தப்புலக் கோடுகளின் வழியே மின்னோட்டம் துருவப் பகுதிக்கு இறங்குகிறது என்ற பிர்க்லாண்டின் மற்றொரு கருத்து நிலைத்தது. சிட்னி சாப்மன் போன்றோர் நெடுநாள் ஏற்காத அந்த மின்னோட்டத்தின் தடயத்தை, 1963இல் ஏவப்பட்ட அமெரிக்கக் கடற்படைச் செயற்கைக்கோள் பதிவு செய்தது. இன்று அது பிர்க்லாண்ட் மின்னோட்டம் எனப்படுகிறது.

தோற்றம் ஒத்திருந்தால் போதாது, அளவுகளும் ஒத்துவர வேண்டும் என்ற கேள்வியை ஸ்வீடனின் ஹான்னஸ் ஆல்வேன் கையில் எடுத்தார். பிர்க்லாண்டின் கோளம் பூமியைவிட மூன்றரைக் கோடி மடங்கு சிறியது. துகள்களின் வேகம் மாறாமல் அவற்றின் பாதையை அதே விகிதத்தில் சுருக்க, காந்தப்புலத்தை மூன்றரைக் கோடி மடங்கு கூட்ட வேண்டும், நடக்கிற காரியமல்ல. எனவே எல்லாவற்றையும் சிறிதாக்கும் ஆசையைப் பின்வந்தோர் கைவிட்டனர். 1942இல் ஆல்வேன் முன்னறிந்த காந்த அலைகளை 1949இல் லுண்ட்குவிஸ்ட் பாதரசத்தில் தேடினார். பிளாஸ்மாவே இல்லை, ஆனாலும் மின்கடத்தும் பாய்மம் என்ற அளவில் இயற்பியல் ஒன்றே. பிரின்ஸ்டனில் 1995இல் இயங்கத் தொடங்கிய கருவியும் எந்தக் கோளையும் போலச் செய்யவில்லை. எதிரெதிர்த் திசைக் காந்தப்புலக் கோடுகள் அறுந்து மறுபடி இணையும் நிகழ்வை மட்டும் அது தனியே பிரித்து அளந்தது. சூரியச் சுடர்வெடிப்புகளுக்கும் பூமியின் காந்தவாலில் எழும் கொந்தளிப்புக்கும் ஆற்றல் தருவது அந்த நிகழ்வே.