சத்தமில்லாத தெருவும் ஒரு றெயில் கொம்பனியும்

ஊரிலிருந்து இலண்டன் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் எல்லாரும் முதல்நாள் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "என்ன, றோட்டிலை ஒரு சனத்தையும் காணேல்லை?" தொண்ணூறுகளைக் கண்டவர்கள் என்றால் "ஊரடங்கோ?" என்றும் சேர்த்துக் கேட்பார்கள். அவர்கள் படத்தில் பார்த்துவிட்டு வந்த இலண்டன் வேறு. ஹரோ, பின்னர், றெயினர்ஸ் லேன், கிங்ஸ்பரி என்று நாங்கள் கொண்டுபோய் இறக்குகிற இலண்டன் வேறு. (பின்னர் என்பது ஊரின் பெயர்தான். அப்ப 'முன்னர்' எங்கே என்று ஒருதரமாவது கேட்டுச் சிரிக்காத தமிழன் இந்தப் பக்கத்தில் இல்லை.)

இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும் 'செமி' வீடுகள். முன்னுக்கு ஒரு சின்னத் தோட்டம், இடுப்பளவு உயரத்தில் வெட்டிவிட்ட பச்சை வேலி, பின்னுக்கு நீளமான புல்வெளி, ஒரு அப்பிள் மரம். நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போய் ஒரு வட்டத்தில் முடிகிற தெரு. பின்னேரம் ஐந்து மணிக்கு ஸ்ரேசனிலிருந்து வருகிறவர்களின் சப்பாத்துச் சத்தம். அதற்குப் பிறகு நரிகளின் இராச்சியம்.

இதெல்லாம் வெள்ளைக்காரனின் சுபாவம், அவன் அமைதியை விரும்புகிறவன், அதனால் ஊரும் அப்படி அமைந்துவிட்டது என்று எங்கடை ஆக்கள் விளக்கம் சொல்வார்கள். அது பாதிக் கதைதான். இந்த அமைதியைத் திட்டம் போட்டுச் செய்தார்கள், விளம்பரம் போட்டு விற்றார்கள், கடைசியில் சட்டம் போட்டுப் பூட்டினார்கள். அந்தக் கதையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். எங்களுக்கும் அதில் ஒரு பங்கு இருக்கிறது.

உலகத்தின் முதலாவது நிலக்கீழ் றெயில் 1863 சனவரி 10ஆம் திகதி பாடிங்ரனுக்கும் ஃபரிங்டனுக்கும் இடையில் ஓடியது. ஓட்டியது மெற்றோபொலிற்றன் றெயில்வே என்ற கொம்பனி. நகரத்துக்குள் தொடங்கிய இந்தப் பாதை மெல்ல மெல்ல வடமேற்கே வயல்களுக்குள் இறங்கியது. 1880இல் ஹரோ, 1885இல் பின்னர், 1904இல் அக்ஸ்பிரிட்ஜ். பாதை போட்டாயிற்று, ஆனால் ஏறுவதற்கு ஆள் வேண்டுமே! மாடும் வைக்கோலும் ரிக்கற் எடுக்காது.

கொம்பனியின் தலைவராக இருந்த சேர் எட்வேட் வற்கின் ஒரு வழி யோசித்தார். பாரிசில் 1889இல் ஐபெல் கோபுரம் எழும்பியிருந்தது. அதைவிட உயரமாக ஒன்றை வெம்பிளியில் கட்டினால் சனம் றெயிலேறி வரும்தானே என்று தொடங்கினார். முதலாவது தட்டோடு வேலை நின்றுபோனது. 1907இல் மிச்சத்தையும் இடித்தார்கள். அந்த நிலத்தில்தான் 1923இல் வெம்பிளி விளையாட்டரங்கு திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டு அதைச் சுற்றி பிரித்தானியப் பேரரசுக் கண்காட்சி. 1924, 1925 இரண்டு ஆண்டுகளிலும் சேர்த்து ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் பேர் வந்து பார்த்தார்கள். இந்தியாவுக்கு ஒரு மண்டபம், மலாயாவுக்கு ஒன்று, இலங்கைக்கு ஒன்று. ஈலிங் றோட்டிலும் வெம்பிளி ஹை றோட்டிலும் இன்றைக்குச் சாமான் வாங்கித் திரிகிற நாங்கள், எங்கள் நாட்டைக் காட்சிப்பொருளாக வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டு நிற்கிறோம்.

கோபுரத்தைவிட நல்ல வழி ஒன்று கொம்பனியின் கையிலேயே இருந்தது. மற்ற றெயில் கொம்பனிகள் பாதைக்கென்று வாங்கிய நிலத்தில் மிஞ்சியதை விற்றுவிடவேண்டும் என்பது அன்றைய சட்டம். மெற்றோபொலிற்றன் மட்டும் அதை வைத்திருந்து வீடு கட்டும் உரிமையைப் பாராளுமன்றத்தில் பெற்றிருந்தது. 1915இல் அவர்களுடைய விளம்பரப் பகுதி 'மெற்றோ-லாண்ட்' என்று ஒரு சொல்லை உண்டாக்கியது. ஆண்டுதோறும் அந்தப் பெயரில் ஒரு புத்தகம், படங்களோடு, 1932 வரைக்கும் வந்தது. 1919இல் வீடு கட்டுவதற்கென்றே தனிக் கொம்பனி ஒன்றையும் தொடங்கினார்கள். வெம்பிளி பார்க், கிங்ஸ்பரி, பின்னர், றிக்மன்ஸ்வேர்த் என்று பாதை நெடுக வீடுகள் முளைத்தன. நகரத்தில் வேலை, கிராமத்தில் வீடு, நடுவில் எங்கள் றெயில் – வியாபாரம் இவ்வளவுதான்.

இதற்கு நல்ல உதாரணம் றெயினர்ஸ் லேன். 1906இல் வயலுக்கு நடுவே ஒரு சின்னத் தரிப்பிடமாகத் திறந்தார்கள். பக்கத்தில் தோட்டம் செய்த ஒரு குடும்பத்தின் பெயர்தான் அது. திறந்த வெளியில் குளிர்காற்று அடிக்கிற அடியில் அதற்கு 'நியுமோனியாச் சந்தி' என்று பட்டப்பெயரும் இருந்தது. 1920களின் கடைசியில் 'ஹரோ கார்டன் வில்லேஜ்' என்ற பெயரில் அங்கே வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். 1930இல் அந்த ஸ்ரேசனைப் பாவித்தவர்கள் ஆண்டுக்கு 22,000 பேர். 1937இல் 40 இலட்சம். ஏழே ஏழு வருசத்தில்! இன்றைக்கு ஹரோவில் செமி வாங்கியிருக்கிற எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கணக்கின் மேல்தான் குடியிருக்கின்றன.

றெயில் கொம்பனிக்கு இலாபக் கணக்கு. ஆனால் அந்தத் தெருவின் வளைவும் வேலியும் வேறொரு இடத்திலிருந்து வந்தவை. எபனேசர் ஹவார்ட் என்றொரு மனிதர், தொழிலில் சுருக்கெழுத்தாளர், 1898இல் ஒரு புத்தகம் எழுதினார். பட்டணத்துப் புகையும் வேண்டாம், கிராமத்துப் பட்டினியும் வேண்டாம், இரண்டின் நன்மையும் சேர்ந்த 'தோட்ட நகரம்' வேண்டும் என்பது அவருடைய வாதம். 1903இல் லெச்வேர்த் என்ற ஊரை அந்த முறையில் கட்டத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துக் கிழக்கு இலண்டனில் ஒரே அறையில் ஒரு குடும்பமே கிடந்தது. ஹவார்ட்டின் கனவை அந்த நிலைமையோடு வைத்துத்தான் விளங்கிக்கொள்ளவேண்டும்.

அதே கிழக்கு இலண்டனில் ஏழைகளோடு வேலை செய்த ஹென்றியேற்றா பானெற் என்ற அம்மையார் 1907இல் ஹாம்ஸ்ரெட் கார்டன் சபேர்ப் என்ற குடியிருப்பைத் தொடங்கினார். அவர் போட்ட விதிகளைப் பாருங்கள். வீடுகளுக்கிடையில் மதில் கூடாது, செடிவேலிதான். தெரு அகலமாக இருக்கவேண்டும், இருபக்கமும் மரம். காடும் பூங்காவும் எல்லாருக்கும் பொது. எல்லாத் தரத்து மக்களும் சேர்ந்து வாழவேண்டும். இன்னொன்று, சத்தம் கூடாது. தேவாலய மணிகூட அடிக்கக்கூடாது! கோயில் இல்லா ஊரில் குடியிருக்கவேண்டாம் என்று படித்து வளர்ந்த எங்களுக்கு, கோயில் இருந்தும் மணி அடிக்காத ஊர்.

எல்லாத் தரத்து மக்களும் என்ற விதி மட்டும் பலிக்கவில்லை. வீட்டு விலை ஏறியது, வசதியானவர்களே வந்து நிறைந்தார்கள். இந்தப் பாணியைப் பார்த்து மற்ற இடங்களில் கட்டியவர்கள் வேலியையும் மரத்தையும் எடுத்துக்கொண்டார்கள், அந்த விதியை விட்டுவிட்டார்கள்.

முதலாம் உலகப் போர் முடிந்ததும் 1919இல் வீட்டுச் சட்டம் ஒன்று வந்தது. நகரசபைகள் அரசாங்க உதவியோடு தொழிலாளருக்கு வீடு கட்டலாம் என்றது. இலண்டன் கவுண்டி சபை 1921இல் பெக்கன்ரீயில் தொடங்கி 25,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. ஒவ்வொன்றுக்கும் தோட்டம், வேலி. ஏழைக்கும் பச்சை கிடைத்தது. ஆனால் பக்கத்தில் சொந்தமாக வீடு வாங்கியவர்களுக்கு இது பிடிக்கவில்லை. தென்கிழக்கே டவுன்ஹாம் என்ற இடத்தில் இதே சபை வீடுகள் கட்டியபோது, புரொம்லிப் பக்கத்துத் தனியார் தெருவின் குறுக்கே 1926இல் ஏழடி உயரத்துக்கு மதில் எழுப்பி, மேலே போத்தில் ஓடும் பதித்தார்கள். தொழிலாளர் குடும்பங்கள் தங்கள் தெருவால் நடந்து போகக்கூடாதாம். அந்த மதில் 1950 வரைக்கும் நின்றது. ஒக்ஸ்ஃபோட்டிலும் இதேபோல 1934இல் கட்டிய மதில்கள் 1959இல்தான் இடிபட்டன.

இதை வாசிக்கும்போது எங்கள் ஊரில் யார் எந்த ஒழுங்கையால் போகலாம், யார் எந்தக் கிணற்றில் அள்ளலாம் என்று இருந்த கதைகள் ஞாபகம் வராமல் போகாது. வெள்ளைக்காரன் தங்கடை ஆக்களுக்கே செய்தான் என்று ஆறுதல்படவும் முடியாது, நாங்களும் அதைத்தானே செய்தோம். அமைதி என்பது பலசமயம் வேண்டாதவர்களை வெளியில் விட்டுவிட்டுக் கதவைச் சாத்துவதால் வருகிற அமைதி.

இரண்டு போர்களுக்கும் இடையில் இலண்டனின் கட்டடப்பரப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கானது. இப்படியே விட்டால் வயல் முழுக்கப் போய்விடும் என்ற பயம் வந்தது. நகரத்தைச் சுற்றி வெளிநிலத்தைக் காப்பாற்ற 1938இல் 'பசுமை வளையச்' சட்டம் வந்தது. 1944இல் பற்றிக் அபர்குறொம்பி என்ற திட்டமிடல் பேராசிரியர் பெரும் இலண்டன் திட்டத்தை எழுதி, அந்த வளையத்துக்கு ஒரு வடிவம் கொடுத்தார். 1947இன் திட்டமிடல் சட்டத்தோடு, தன் நிலமென்றாலும் அனுமதியில்லாமல் கட்டமுடியாது என்றாயிற்று. எட்ஜ்வெயரிலிருந்து புஷி ஹீத் வரைக்கும் நீட்டவிருந்த ரியூப் பாதையைக்கூடக் கைவிட்டார்கள். வீடே வராத இடத்துக்கு றெயில் எதற்கு? றெயில் கொம்பனிகள் தொடக்கிய ஓட்டத்தைச் சட்டம் வந்து நிறுத்தியது. இன்று அந்த வளையம் சுமார் 5,000 சதுர கிலோமீற்றர்.

இந்த அபர்குறொம்பி எங்களுக்கு அந்நியர் இல்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் வளாகத்தை 1940களில் திட்டமிட்டவர்களில் அவரும் ஒருவர். 1948இன் கொழும்புப் பிராந்தியத் திட்டமும் அவருடையது. பேராதனையில் அந்த மரங்களுக்குக் கீழே நடந்து படித்துவிட்டு, பிறகு ஹரோவில் வந்து வயலோரம் வீடு வாங்கிய தமிழர்கள் இருக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே மனிதரின் பென்சில் கோடு!

இனி எங்கள் பங்கு. 1968இன் இன உறவுச் சட்டம் வரும்வரைக்கும், கறுப்பர் என்றோ ஆசியர் என்றோ சொல்லி ஒருவருக்கு வீடு கொடுக்க மறுப்பது இந்த நாட்டில் சட்டப்படி குற்றமாக இருக்கவில்லை. 83க்குப் பிறகு நாங்கள் கூட்டமாக வரத் தொடங்கியபோது, 1985இல் இலங்கையருக்கு விசா வேண்டும் என்றார்கள். பொதுநலவாய நாடொன்றுக்கு அப்படிப் போட்டது அதுதான் முதல்தடவை. வந்து சேர்ந்தவர்கள் ஈஸ்ட்ஹாமிலும் ரூட்டிங்கிலும் ஒரு அறையில் ஆறு பேர் ஏழு பேர் என்று கிடந்தோம். பெற்றோல் செற்றிலும் கடையிலும் இரவு வேலை. பிறகு கலியாணம், பிள்ளை, நல்ல பள்ளிக்கூடம் என்று ஒவ்வொருவராக ரியூப் பாதை வழியே விளிம்புக்கு நகர்ந்தோம். 1930களில் வெள்ளைக்காரக் கிளாக்கர்மார் போன அதே பாதை, அதே காரணம்.

வந்து நாங்களும் தெருவை மாற்றினோம். வேலியைப் பிடுங்கிவிட்டு முன்தோட்டத்துக்குக் கல் பதித்துக் கார் விட்டோம். எங்களை மட்டும் சொல்லக்கூடாது. இலண்டன் முழுக்க 32 சதுர கிலோமீற்றர் முன்தோட்டம் இப்படி மூடப்பட்டுவிட்டது என்று இலண்டன் சட்டமன்றத்தின் 2005ஆம் ஆண்டு அறிக்கை சொன்னது. 2008 முதல், தண்ணீர் இறங்காத கல்லென்றால் 5 சதுர மீற்றருக்கு மேல் அனுமதி வேண்டும். வேலிச் சண்டையும் இங்கே இருக்கிறது. கதியாலை இரவோடிரவாக நகர்த்துகிற கலை இவர்களுக்குத் தெரியாது, ஆனால் பக்கத்து வீட்டு வேலி 2 மீற்றருக்கு மேல் வளர்ந்தால் முறையிட 2003இல் சட்டமே கொண்டுவந்தார்கள். வெஸ்ற் ஈலிங்கில் கனகதுர்க்கை அம்மனுக்கு ஆவணியில் தேர் இழுக்கும்போது தவிலும் நாதஸ்வரமும் தெரு முழுக்கக் கேட்கும். பானெற் அம்மையார் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

இவ்வளவையும் எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2024 டிசெம்பரில் அரசாங்கம் திட்டமிடல் விதிகளை மாற்றி, பசுமை வளையத்தில் தரம் குறைந்த பகுதிகளைச் 'சாம்பல் வளையம்' என்று பிரித்து, அங்கே வீடு கட்ட வழி திறந்தது. 2025 மே மாதம் இலண்டன் மேயர் சாதிக் கானும் வளையத்தின் சில பகுதிகளில் கட்டத்தான் வேண்டும் என்றார். உடனே எங்கள் பக்கத்துத் தெருக்களிலும் எதிர்ப்புக் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டார்கள். என் வீட்டுக்குத் தாளைக் கொண்டுவந்தவர் எங்கடை ஆள்தான், தொண்ணூறுகளில் அகதியாக வந்த ஒரு அண்ணை. "உதுகளைக் கட்ட விட்டா, பிறகு ஆரார் வந்து இருப்பினமோ தெரியாது தம்பி" என்றார்.

அவர் கெட்டவரில்லை. வாழ்நாள் உழைப்பைக் கொட்டி வாங்கிய வீடு, அதன் அமைதி குலைந்துவிடும் என்ற பயம் எனக்கும் விளங்குகிறது. வயலையும் காட்டையும் காப்பாற்றவேண்டும் என்பதிலும் எனக்கு மறுப்பில்லை. எந்த நிலம், யாருக்கு வீடு, எவ்வளவு வாடகை என்று கேட்டால் நானும் கூட நிற்பேன். ஆனால் 'ஆரார் வருவினமோ' என்ற கேள்வியின் கீழே என்னால் பெயர் எழுத முடியவில்லை. டவுன்ஹாமில் மதில் கட்டியவர்கள் கேட்டதும் அதே கேள்விதானே. எங்கள் பிள்ளைகளே இந்தத் தெருவில் வீடு வாங்க வழியில்லாமல் இன்னும் தூரம் போகிறார்கள். நாங்கள் குடியிருக்கிற வீடும் 1930இல் யாரோ ஒருவரின் வைக்கோல் வயல்தான். அன்றைக்கு அங்கே ஒருவர் தாளோடு வந்து எல்லாரும் கையெழுத்து வைத்திருந்தால், எங்களுக்கு இந்த அமைதி கிடைத்திராது.