ஏழை ஏன் "பணக்காரர் கட்சி"க்கு வாக்களிக்கிறான்? பிரித்தானியாவின் கதை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

1960களில் பாகிஸ்தானிலிருந்து பிரித்தானியாவுக்குப் போன இருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். இருவருமே அங்கு பஸ் சாரதிகளாக வேலை பார்த்தார்கள். ஒருவருடைய மகன் சாதிக் கான். தொழிற்கட்சிக்காரர், 2016 முதல் லண்டன் மேயர். மற்றவருடைய மகன் சாஜித் ஜாவித். கொன்சவேட்டிவ் கட்சிக்காரர், 2018இல் உள்துறை அமைச்சர், 2019இல் நிதியமைச்சர். இருவரும் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர்கள், ஏறத்தாழ ஒரே வயது, இருவருடைய வாப்பாவும் பஸ் ஓட்டியவர். பிறகு எப்படி எதிரெதிர்க் கட்சிகளில் போய் நின்றார்கள்?

சாதிக் கான் வளர்ந்தது தென் லண்டனில், மாநகர சபைக்குச் சொந்தமான வாடகை வீட்டில். சாஜித் ஜாவித் வளர்ந்தது பிரிஸ்டல் நகரில், பஸ் வேலைக்குப் பிறகு அவருடைய வாப்பா தொடங்கிய துணிக்கடைக்கு மேலே இருந்த சின்ன வீட்டில். தன் வாப்பா முதலில் தொழிற்கட்சிக்கு வாக்களித்தவர் என்றும், 1978-79 குளிர்கால வேலைநிறுத்தங்களைப் பார்த்த பிறகே மார்கிரட் தட்சர் பக்கம் போனார் என்றும் ஜாவித் சொல்லியிருக்கிறார்.

"தொழிலாளி முதலாளிகளின் கட்சிக்கு வாக்களித்தால் அவன் ஒன்றில் மடையன், இல்லாவிட்டால் விலைபோனவன்." அரசியல் பேசும் எந்தத் தேநீர்க் கடையிலும் இந்த முடிவு சுலபமாக வந்துவிடும். பிரித்தானியாவிலும் படித்தவர்கள் நெடுங்காலம் இதையே கொஞ்சம் மரியாதையான சொற்களில் சொன்னார்கள். ஏழைகளுக்குப் பிரபுக்களைக் கண்டால் தானாகக் கும்பிடும் பழக்கம் போகவில்லை என்றார்கள். அதில் ஓரளவு உண்மை இருந்தது. ஆனால் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த பல தேர்தல்களில் உடலுழைப்புத் தொழிலாளர்களில் சுமார் மூன்றில் ஒருவர் கொன்சவேட்டிவுக்கு வாக்களித்திருக்கிறார். கோடிக்கணக்கான ஜனம் தலைமுறை தலைமுறையாக மடையர்களாக இருந்தார்கள் என்று சொல்வது சரித்திரத்தைப் படிக்கச் சோம்பல்படுகிறவர்களின் விளக்கம்.

கதை 1867இல் ஆரம்பிக்கிறது. நகரத் தொழிலாளர்களில் ஒரு பகுதியினருக்கு வாக்குரிமை கிடைத்தது அந்த வருடம்தான். கொடுத்தது டிஸ்ரேலியின் கொன்சவேட்டிவ் கட்சி. அவருடைய ஆட்சியில் 1875இல் சேரி வீடுகளை அகற்றிப் புது வீடுகள் கட்ட ஒரு சட்டமும், பொதுச் சுகாதாரச் சட்டமும் வந்தன. இதற்கிடையில் கிளாட்ஸ்டனின் லிபரல் கட்சி 1872இல் மதுக்கடை நேரங்களைக் குறைத்தது. 1874 தேர்தலில் தோற்றபோது, மது வெள்ளம் தன்னை அடித்துச் சென்றுவிட்டதாக அவர் தன் சகோதரருக்கு எழுதினார். (நமக்கு மது ஹராம், அது வேறு விஷயம். அவர்களுடைய தொழிலாளிக்கு அது நாள் முழுக்க உழைத்த பின் கிடைத்த ஒரே இளைப்பாறல். அதில் கைவைத்தவனை அவன் மன்னிக்கவில்லை.)

மதமும் இருந்தது. லிவர்பூல் துறைமுகத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் வந்து குவிந்தபோது, அங்கிருந்த புரொட்டஸ்தாந்து தொழிலாளி கொன்சவேட்டிவ் பக்கம் திரண்டான். இன்று அந்த நகரம் தொழிற்கட்சியின் கோட்டை. ஆனால் தொழிற்கட்சி அங்கே மாநகர சபையை முதன்முதலாகக் கைப்பற்றியது 1955இல்தான்! கூலி, சம்பளம், வர்க்கம் என்ற கணக்குகளை விட "நம்ம ஆள்" என்ற கணக்கு எவ்வளவு வலியது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

ஆனால் "நம்ம ஆள்" கணக்கும் எப்போதும் பலிக்காது. கிழக்கு லண்டனின் பெத்னல் கிரீன் பரம ஏழைகளின் தொகுதி. 1895இல் அங்கே போட்டியிட்ட லிபரல் வேட்பாளர் ஜோர்ஜ் ஹவல் ஒரு காலத்தில் செங்கல் வைத்துக் கட்டிய மேசன், தொழிற்சங்கத் தலைவர். அவரைத் தோற்கடித்தவர் யார் தெரியுமா? பம்பாயிலிருந்து வந்த பார்சி இனத்தவரான மஞ்சர்ஜி பாவ்நகரி, கொன்சவேட்டிவ் வேட்பாளர். 1900இலும் அவரே வென்றார்.

இனி 1945. போரை வென்றுகொடுத்த சேர்ச்சிலை மக்கள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொழிற்கட்சி 393 ஆசனங்களுடன் வந்தது. இலவச வைத்தியம், சமூகக் காப்புறுதி, சுமார் 10 இலட்சம் புதிய வீடுகள் என்று அட்லியின் அரசாங்கம் செய்தவை சாதாரணமானவை அல்ல. நம் நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்ததும் அந்த ஆட்சியில்தான். அப்படிப்பட்ட அரசாங்கம் ஆறே வருடத்தில், 1951இல், ஏன் போனது?

காரணங்களில் ஒன்றை சமையலறையில் தேட வேண்டும். போர்க்காலத்தில்கூட பாணுக்குப் பங்கீடு இருக்கவில்லை. போர் முடிந்த பிறகு, 1946 ஜூலையில், பாணுக்கும் பங்கீடு வந்தது. இரண்டு வருடம் நீடித்தது. இறைச்சி, சீனி, வெண்ணெய், நம் தோட்டங்களிலிருந்து போன தேயிலை எல்லாமே கூப்பனுக்குத்தான். கொள்கை அளவில் அது நியாயமான ஏற்பாடு. பணக்காரனுக்கும் ஏழைக்கும் ஒரே அளவு. ஆனால் வரிசையில் நின்றது கொள்கை அல்ல, குடும்பப் பெண். எழுபதுகளில் பாண் கியூவில் நின்ற நம் மூத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தொழிற்கட்சி பெரும்பாலும் ஆண்கள் வேலைசெய்த சுரங்கம், இரும்பாலை, துறைமுகம் ஆகியவற்றின் மொழியில் பேசியது. கொன்சவேட்டிவ் கட்சி அடுப்படியைப் பற்றிப் பேசியது. அந்தக் காலத் தேர்தல்களில் ஆண்களை விடப் பெண்கள் மத்தியில் கொன்சவேட்டிவுக்கு ஆதரவு கூடுதலாக இருந்தது.

இன்னொரு வாக்குறுதி, வருடத்துக்கு 3 இலட்சம் வீடுகள். 1951இல் தொழிற்கட்சியை விட சுமார் 2 இலட்சம் வாக்குகள் குறைவாக வாங்கியும், 321 ஆசனங்களுடன் கொன்சவேட்டிவ் ஆட்சிக்கு வந்தது. தொழிற்கட்சிக்கு 295. (தொகுதிவாரித் தேர்தல் முறையின் விளையாட்டு இது. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகள் இந்த உதாரணத்தை மனதில் வைத்துக்கொள்ளட்டும்.) வீடமைப்புக்குப் பொறுப்பான மக்மில்லன் 1953இல் அந்த இலக்கைத் தொட்டுக் காட்டினார். 1952 ஒக்டோபரில் தேயிலைப் பங்கீடு போனது, 1954 ஜூலையில் இறைச்சிப் பங்கீடும் போனது. அதற்குப் பின் 1955, 1959 தேர்தல்களிலும் அவர்களே வென்றார்கள். இலவச வைத்தியத்தில் அவர்கள் பெரிதாகக் கைவைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். தொழிற்கட்சி கட்டிய வீட்டில் அதைவிடத் தாங்களே நல்ல காவல்காரர்கள் என்று காட்டிக்கொண்டார்கள்.

இனி தட்சர். விக்டோரியா அணைக்கட்டைத் திறந்துவைக்க 1985 ஏப்ரலில் இங்கே வந்தவர் என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். மளிகைக் கடைக்காரரின் மகள். 1975இல் பிரித்தானியாவில் விலைவாசி ஒரே வருடத்தில் 24 சதவீதம் ஏறியிருந்தது. 1976இல் தொழிற்கட்சி அரசாங்கம் சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டுப் போனது. விலைக்கு ஈடாகச் சம்பளம் கேட்டு 1978-79 குளிர்காலத்தில் வேலைநிறுத்தத்துக்கு மேல் வேலைநிறுத்தம். லண்டன் நடுவில் குப்பை மலையாகக் குவிந்தது. லிவர்பூலில் மையவாடித் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தியதால் பிரேதங்கள் அடக்கப்படாமல் காத்துக் கிடந்தன. ஊழியர் கேட்டதில் நியாயம் இருந்தது, அவர்களுடைய சம்பளம் மிகக் குறைவு. ஆனாலும் மையித்தை அடக்க முடியாத வீட்டுக்காரனிடம் போய் அந்த நியாயத்தைச் சொல்லிப் பாருங்கள். 1979 மேயில் தொழிற்சங்க உறுப்பினர்களிலேயே சுமார் மூன்றில் ஒரு பங்கினர் கொன்சவேட்டிவுக்கு வாக்களித்தார்கள்.

ஆனால் கோபத்தில் விழும் வாக்கு ஒரு தேர்தலுக்குத்தான் நிற்கும். அதை நிரந்தரமாக்க முயன்றது 1980இன் வீடமைப்புச் சட்டம். அன்று பிரித்தானியக் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று மாநகர சபை வாடகை வீடுகளில் இருந்தது. மூன்று வருடம் குடியிருந்தவருக்கு அந்த வீட்டைச் சந்தை விலையில் 33 சதவீதக் கழிவுடன் வாங்கும் உரிமை கிடைத்தது. இருபது வருடம் இருந்தவருக்கு 50 சதவீதக் கழிவு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகள் விற்கப்பட்டன.

வாங்கியவர்கள் முதலில் செய்தது என்ன? வாசல் கதவை மாற்றினார்கள். அதுவரை சபை அடித்த நிறம்தான் எல்லா வீட்டுக் கதவுக்கும். இப்போது வரிசையில் நடந்துபோகும்போதே எது விற்ற வீடு, எது வாடகை வீடு என்று கதவைப் பார்த்துச் சொல்லலாம். தொழிற்கட்சி அந்த வீடுகளைக் கட்டிக்கொடுத்தது, வாடகையைக் குறைவாக வைத்தது. ஆனால் கதவுக்குத் தான் விரும்பிய நிறம் பூச வேண்டும் என்ற ஆசை தொழிலாளிக்கும் இருக்கும் என்பதை அது விளங்கிக்கொள்ளவில்லை. 1983 தேர்தலில் இந்த விற்பனையை நிறுத்துவோம் என்று வேறு சொன்னது. வாக்கு 27.6 சதவீதத்துக்கு விழுந்தது. இத்தனைக்கும் அப்போது வேலையற்றோர் தொகை 30 இலட்சத்தைத் தாண்டியிருந்தது. போக்லண்ட் யுத்த வெற்றியும், எதிர்த்தரப்பு இரண்டாகப் பிளந்ததும் தட்சருக்கு உதவின. நாட்டில் பாதிப் பேர் எப்போதுமே அவருக்கு வாக்களிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆனால் திறன்சார் தொழிலாளர்கள் மத்தியில் 1983இலும் 1987இலும் கொன்சவேட்டிவ்தான் முன்னிலையில் நின்றது.

நம்மைப் போன்ற நிறத்தவர்களின் கதை என்ன? 1968இல் கொன்சவேட்டிவ் தலைவர்களில் ஒருவரான ஈனொக் பவல் குடியேறிகளுக்கு எதிராக பேர்மிங்ஹாமில் இனவெறிப் பேச்சு பேசினார். அவருக்கு ஆதரவாகப் பாராளுமன்றத்துக்கு ஊர்வலம் போனவர்கள் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள்! தொழிற்கட்சியின் சொந்த ஜனம். பவலைப் பதவி நீக்கியவர் கொன்சவேட்டிவ் தலைவர் எட்வர்ட் ஹீத். அதற்குச் சில வாரங்களுக்கு முன்னர்தான், பிரித்தானியக் கடவுச்சீட்டு வைத்திருந்த கென்ய ஆசியர்கள் உள்ளே வராமல் தடுக்க தொழிற்கட்சி அரசாங்கம் அவசரமாகச் சட்டம் போட்டிருந்தது. 1972இல் இடி அமீன் ஆசியர்களை உகண்டாவிலிருந்து துரத்தியபோது சுமார் 28,000 பேரை ஏற்றுக்கொண்டது ஹீத்தின் அரசாங்கம். "இங்கே வராதீர்கள்" என்று உகண்டாப் பத்திரிகையில் விளம்பரம் போட்டது, தொழிற்கட்சி வசமிருந்த லெஸ்டர் மாநகர சபை. அந்தக் குடும்பங்களில் பலர் பிற்காலத்தில் கொன்சவேட்டிவ் பக்கம் சாய்ந்ததற்கு கடை, வியாபாரம் மட்டுமல்ல, இந்த ஞாபகமும் ஒரு காரணம்.

பிரித்தானிய முஸ்லிம்கள் மிகப் பெரும்பாலும் தொழிற்கட்சியோடுதான் இருந்தார்கள். இனப்பாகுபாட்டுக்கு எதிரான 1965, 1968, 1976 சட்டங்களைக் கொண்டுவந்தது அந்தக் கட்சி. அதே கட்சியின் டொனி பிளேயர்தான் 2003இல் ஈராக்குக்குப் படை அனுப்பினார். கொன்சவேட்டிவ் அமைச்சரவையில் இருந்த முதல் முஸ்லிம் பெண் சயீதா வார்சி, காஸா விடயத்தில் தன் அரசாங்கத்தின் போக்கை ஏற்க முடியாமல் 2014 ஓகஸ்டில் இராஜினாமா செய்தார். எந்தக் கட்சியும் நிரந்தர நண்பனும் இல்லை, எதிரியும் இல்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

2019இல் நடந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். சுரங்கத் தொழிலாளர்களின் தொகுதியான பொல்சோவர், டொனி பிளேயரே வென்று வந்த செஜ்பீல்ட், இரண்டும் கொன்சவேட்டிவ் கைக்குப் போயின. மொத்தம் 365 ஆசனங்கள். பிரெக்சிட்டுக்கு வாக்களித்த அந்த ஊர்கள், தங்கள் முடிவை லண்டனில் படித்தவர்கள் மதிக்கவில்லை என்று கொதித்துப் போயிருந்தன. மூடிய சுரங்கங்களை மூடியது யார் என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அதற்குப் பிறகு தங்கள் வாக்கைச் சும்மா எடுத்துக்கொண்டவர்கள் யார் என்பதும் தெரிந்திருந்தது.

அந்தத் தேர்தலில் வர்க்கத்தை விட வயதுதான் பிரித்தது. ஏறத்தாழ 39 வயதுக்குக் கீழே தொழிற்கட்சி, மேலே கொன்சவேட்டிவ். வயதானால் மனிதன் பழமைவாதி ஆவான் என்று சொல்லிவிட்டுப் போகலாம். எனக்கு அது போதாது. சபை வீட்டை அரை விலைக்கு வாங்கிய தலைமுறைக்குப் பாதுகாக்க ஒரு கதவு இருந்தது. விற்ற வீடுகளுக்குப் பதிலாகப் புதியவை போதியளவு கட்டப்படவில்லை. அவர்களின் பேரப்பிள்ளைகள் சம்பளத்தின் பெரும்பகுதியை வாடகைக்குக் கொடுக்கிறார்கள், சிலர் அதே பழைய சபை வீடுகளில், தனியார் ஒருவருக்கு.

2024 ஜூலையில் கொன்சவேட்டிவ் 121 ஆசனங்களுக்கு விழுந்தது. செஜ்பீல்டுக்குப் பதிலாக வந்த தொகுதியும் பொல்சோவரும் தொழிற்கட்சிக்குத் திரும்பின. லெஸ்டரில் மட்டும் அன்றிரவு வேறு கதை. நகரின் தெற்கில், காஸாவை முன்வைத்துப் போட்டியிட்ட சுயேச்சை முஸ்லிம் வேட்பாளரிடம் தொழிற்கட்சி தோற்றது. கிழக்கில், பழைய தொழிற்கட்சி உறுப்பினர்கள் இருவர் தனித்தனியே நின்று வாக்கைப் பிரிக்க, நாட்டிலேயே தொழிற்கட்சியிடமிருந்து கொன்சவேட்டிவ் பறித்த ஒரே ஆசனம் ஷிவானி ராஜாவுக்குப் போனது.

புதிய தொழிற்கட்சி அரசாங்கம் வீடு வாங்கும் உரிமையை இங்கிலாந்தில் ஒழிக்கவில்லை. 2024 நவம்பர் 21 முதல் கழிவை மட்டும் பெரிதாகக் குறைத்தது. அந்தத் திகதிக்கு முன்னர் பல மாநகர சபைகளில் விண்ணப்பங்கள் வந்து குவிந்தன.