ப்ளவுன்ட் விட்டுச்சென்ற எஞ்சின்கள்

நூல் சேகரித்தவர் மறைந்துவிட்டால் வீட்டாரின் கவலை அலமாரிகளைப் பற்றியதாக இருக்கும். நாணயம் சேகரித்தவர் என்றால் ஒரு பெட்டியோடு முடிந்துவிடும். நூறு டன், இருநூறு டன் எடையுள்ள நீராவி எஞ்சின்களைச் சேகரித்தவர் ஒருநாள் திடீரென்று இறந்துபோனால் என்ன செய்வது? அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் 1967-இல் இந்தக் கேள்வி எழுந்தது.

எஃப். நெல்சன் ப்ளவுன்ட் 1918-இல் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் வாரன் என்னும் கடலோர ஊரில் பிறந்தவர். கடலுணவைப் பதப்படுத்தி விற்கும் தொழிலில் பெரும்பொருள் ஈட்டினார். பொருள் தந்தது கடல் என்றாலும் மனம் கிடந்தது இருப்புப்பாதையில். இருபது வயதளவிலேயே நண்பர் ஒருவரோடு சேர்ந்து இரயில்களைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். 1950களின் நடுப்பகுதியில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஈடாவில் இரயில்வேயை வாங்கினார். இரண்டடி அகலமே கொண்ட குறும்பாதை அது. எல்லிஸ் டி. அட்வுட் என்ற கிரான்பெர்ரிப் பண்ணையாளர், மெய்ன் மாநிலத்தில் கைவிடப்பட்ட குறும்பாதைகளின் எஞ்சின்களையும் பெட்டிகளையும் கொண்டுவந்து தம் பண்ணையைச் சுற்றி ஓடவிட்டிருந்தார். அவருடைய பெயரின் முதலெழுத்துகளிலிருந்து பிறந்ததே ஈடாவில் என்னும் பெயர். அட்வுட் 1950-இல் இறந்துவிட்டார். ஆக, ப்ளவுன்ட் தொடங்கியதே மறைந்துபோன இன்னொரு சேகரிப்பாளரின் எச்சத்திலிருந்துதான்.

காலமும் அவருக்கு ஒருவகையில் சாதகமாக இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பதினைந்தே ஆண்டுகளில் அமெரிக்க இரயில்வே நிறுவனங்கள் நீராவியை விட்டு டீசலுக்கு மாறிவிட்டன. ஆயிரக்கணக்கான எஞ்சின்கள் எடைக்கு எடை பழைய இரும்பு விலைக்குப் போயின. அந்த விலையைக் கொடுக்க முன்வருகிறவர் உலையில் உருக்கப்போகிறாரா, நிறுத்திவைத்து அழகு பார்க்கப்போகிறாரா என்பது விற்பவருக்குப் பொருட்டன்று. ப்ளவுன்ட் வாங்கினார், சில நிறுவனங்கள் நன்கொடையாகவும் கொடுத்தன. யூனியன் பசிபிக் நிறுவனம் 1964-இல் தந்த 4012 எண் 'பிக் பாய்' அத்தகையது. 1941-இல் கட்டப்பட்ட அந்த எஞ்சின் தன் டெண்டரோடு சேர்ந்து 130 அடிக்கும் மேல் நீளமும் ஏறத்தாழ 540 டன் எடையும் கொண்டது. அவ்வகையில் கட்டப்பட்டவை 25, எஞ்சியிருப்பவை எட்டு. இங்கிலாந்திலிருந்து 'ரெப்டன்' என்னும் 1934-ஆம் ஆண்டு எஞ்சின் கடல் கடந்து வந்தது. கனடிய பசிபிக் இரயில்வேயின் எஞ்சின்கள் பல வந்தன.

இவற்றுக்கெல்லாம் ப்ளவுன்ட் இட்ட பெயர் 'ஸ்டீம்டவுன்'. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் நார்த் வால்போலில் தொடங்கி, கனெக்டிகட் ஆற்றைக் கடந்து வெர்மான்ட் மாநிலத்தின் பெல்லோஸ் ஃபால்ஸ் பகுதிக்குச் சேகரம் இடம்பெயர்ந்தது. இடையில், தம் எஞ்சின்களில் இருபதை நியூ ஹாம்ப்ஷயர் அரசுக்குக் கொடுத்து அருங்காட்சியகம் அமைக்கும் திட்டம் ஒன்று இருந்தது. ஓர் ஆளுநர் அதை ஆதரித்தார். 1963-இல் அடுத்தவர் வந்தார்; திட்டம் நிராகரிக்கப்பட்டது. இலவசமாக வந்த சேகரத்தை ஓர் அரசு வேண்டாம் என்றது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் எஞ்சினைப் பெறுவதுதான் இலவசம். அதைக் காப்பது இலவசமன்று. 1964-இல் ஓர் அறக்கட்டளை நிறுவப்பட்டது.

1967 ஆகஸ்ட் 31. ப்ளவுன்ட் தாமே ஓட்டிச்சென்ற சிறுவிமானம் நியூ ஹாம்ப்ஷயரின் மார்ல்பரோ அருகே விழுந்து நொறுங்கியது. அவருக்கு வயது 49.

சேகரிப்பவரின் ஆற்றலும் செல்வமும் தொடர்புகளும் ஒரே உடலில் குடியிருந்தன. அந்த உடல் இல்லாமற்போனதும் இரும்பு மட்டும் நின்றது. அறக்கட்டளை பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக அதனோடு மல்லாடியது. நெடுஞ்சாலைகளில் விளம்பரப் பலகைகளைத் தடைசெய்யும் சட்டம் வெர்மான்டில் வந்தபின், ஊருக்கு ஒதுக்குப்புறமான அந்த இடத்துக்குப் பயணிகளை அழைப்பது அரிதாயிற்று. பெரும்பாலான எஞ்சின்கள் வெட்டவெளியில் நின்றன. கூரையின்கீழ் நின்றவையும் தப்பவில்லை. 1982 பிப்ரவரியில் பனியின் எடை தாளாமல் பெரிய கொட்டகையின் கூரை இடிந்து விழுந்து சில எஞ்சின்கள் சேதமுற்றன.

1984-இல் சேகரம் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் நகருக்குப் பெயர்ந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு நொடித்துப்போன நகரம் அது. லக்கவானா இரயில்வேயின் பழைய பணிமனை வளாகம் அங்கே வெறுமனே கிடந்தது. பயணிகள் இலட்சக்கணக்கில் வருவார்கள் என்று நகரம் கனவு கண்டது. அவ்வளவு பேர் வரவில்லை, கடன்தான் வளர்ந்தது. அப்பகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் மெக்டேட் 1986-இல் முயன்று, ஸ்டீம்டவுனைத் தேசிய வரலாற்றுத் தலமாக்கும் சட்டத்தை நிறைவேற்றச் செய்தார். 1995-இல் தேசியப் பூங்காத் துறை அதைத் திறந்தபோது செலவு 6 கோடியே 60 இலட்சம் டாலர் வரை ஆகியிருந்தது.

கண்டனங்கள் குவிந்தன. தொகுதிக்குப் பணம் கொண்டுவரும் அரசியல் தந்திரம் என்றார்கள். ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் போக்குவரத்துப் பிரிவின் காப்பாளராக இருந்த ஜான் ஒயிட், இது மூன்றாந்தரச் சேகரம், வைக்கப்பட்ட ஊரோடும் தொடர்பற்றது என்றார். வரலாற்றாய்வாளர் நோக்கில் இதில் நியாயம் இல்லாமல் இல்லை. கனடாவின் எஞ்சின்கள் அமெரிக்கத் தேசியத் தலத்தில் ஏன் நிற்க வேண்டும்? ஆயினும் இந்த விமர்சனம் ஒன்றை மறந்துவிடுகிறது என்பது என் எண்ணம். அறிஞர் குழு கூடிப் பட்டியலிட்டு வாங்கிய சேகரம் அன்று இது. 1960-ஐ ஒட்டிய சில ஆண்டுகளில், வெட்டும் சுடருக்கு முன்னால் எது கிடைத்ததோ அதை ஒரு மனிதர் இழுத்துக்கொண்டு வந்தார். வகைப்படுத்தித் தேர்ந்தெடுக்க ஓய்வு கிடைத்த காலத்தில் தேர்ந்தெடுக்க எதுவும் மிஞ்சியிருக்கவில்லை. குறை சொல்வதென்றால், வாங்கிய வேகத்தில் கூரையும் நிதியும் அமைக்காததைச் சொல்லலாம்.

கலைந்துபோன எஞ்சின்களின் கதைகள்தாம் எனக்கு மிகவும் சுவையானவை. 1987-இல் கெட்டிஸ்பர்க் இரயில்வேக்குக் கைமாறிய கனடிய பசிபிக் 1278-ஐ எடுத்துக்கொள்வோம். கொதிகலனில் நெருப்புப் பெட்டியின் உச்சித் தகட்டுக்கு மேல் எப்போதும் நீர் நிற்க வேண்டும். நீர் தாழ்ந்தால் தகடு பழுக்கக் காய்ந்து இளகி, அழுத்தம் தாளாமல் உள்நோக்கிப் பிளக்கும். 1995 ஜூன் 16 அன்று பயணிகள் வண்டியை இழுத்துச்சென்றபோது 1278-இல் நேர்ந்தது அதுவே. எஞ்சினில் இருந்த மூவர் தீக்காயமுற்றனர். நீர்மட்டங்காட்டி சரிவரப் பராமரிக்கப்படாமல் அடைபட்டிருந்ததை விசாரணை கண்டறிந்தது. தகட்டைத் தாங்கிய கம்பிகளில் வலுக் குறைந்தவற்றையும் மிக்கவற்றையும் வரிசை மாற்றி அமைத்திருந்ததால் தகடு படிப்படியாகக் கிழிந்தது; கொதிகலன் முழுவதும் சிதறவில்லை. 1948-இல் அதைக் கட்டிய கனடியப் பொறியாளர்களின் முன்யோசனை அது. இந்த விபத்துக்குப் பின் கூட்டாட்சி விதிகள் திருத்தப்பட்டு 2000-இல் நடைமுறைக்கு வந்தன. எஞ்சின் இயங்கிய நாட்கள் 1,472 ஆகும்போதோ, 15 ஆண்டுகள் கழியும்போதோ, எது முந்துகிறதோ அப்போது கொதிகலனைப் பிரித்துச் சோதிக்க வேண்டும். அமெரிக்காவில் நீராவி எஞ்சின் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று இந்தக் கணக்கோடுதான் வாழ்கிறார்கள்.

அதே 1278-ஐப் பிறகு வாங்கியவர் ஒஹையோ சென்ட்ரல் இரயில்வேயை உருவாக்கிய ஜெர்ரி ஜேக்கப்சன். அவரும் தனிச் சேகரிப்பாளர். ஸ்டீம்டவுனின் 1293-ம் அவரிடமே சேர்ந்தது. ஆனால் ப்ளவுன்ட் செய்யாததை அவர் செய்தார். 2008-இல் தம் இரயில்வே நிறுவனத்தை விற்றுவிட்டு, ஷுகர்கிரீக் என்ற சிற்றூரில் 18 எஞ்சின்கள் நிற்கும்படி செங்கல்லாலும் மரத்தாலும் வட்டக் கொட்டகை கட்டினார். பழுதுபார்க்கும் பட்டறையும் அமைத்தார். 2017-இல் அவர் இறந்தபோது எஞ்சின்கள் மழையில் நனையவில்லை. அவருக்குப் பின் அங்கே பொதுமக்களுக்கும் கதவு திறந்தது.

'ரெப்டன்' 1989-இல் இங்கிலாந்துக்கே திரும்பிவிட்டது. கனடிய பசிபிக் 2816-இன் பயணம் இன்னும் நெடியது. 1930-இல் மான்ட்ரியலில் கட்டப்பட்ட அதை ப்ளவுன்ட் 1960களில் வாங்கினார். முப்பது ஆண்டுகளுக்கும் மேல் அது ஓடாமல் நின்றது. 1998-இல் கனடிய பசிபிக் நிறுவனமே தன் பழைய எஞ்சினைத் திரும்ப வாங்கி, 2001-இல் மீண்டும் ஓடவைத்தது. 2024-இல் கால்கரியிலிருந்து புறப்பட்டு, அமெரிக்காவை ஊடுருவி, மெக்சிகோ நகரம் வரை அது சொந்த நீராவியில் சென்று சேர்ந்தது.